படிச்சதும் கேட்டதும் மண்டையில நிக்க என்ன பண்ணணும்: முழுமையான வழிகாட்டி

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க என்கிட்ட வந்து கேக்கிறது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, படிக்கும்போது எல்லாமே புரியுது, புக்கை மூடுனா ஒண்ணும் வர மாட்டேங்குது." உடனே ஞாபக சக்தி கம்மின்னு தானே முடிவு கட்டிட்டு வல்லாரை மாத்திரை வாங்கிச் சாப்பிடுற ஆளுங்களும் இருக்காங்க. நான் பாத்த வரைக்கும் கோளாறு அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. படிக்கும்போது "புரியுது"ன்னு தோணுச்சே, அப்ப நிஜமாவே புரிஞ்சுதா, இல்ல கண்ணு தடங்கல் இல்லாம ஓடுனதால புரிஞ்ச மாதிரி இருந்துச்சா? இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுதுன்னு வச்சுக்கோங்க. கீழ சொல்றது எல்லாமே அதுக்குத்தான். பள்ளிக்கூடப் பாடம், காலேஜ் லெக்சர், யூடியூப் கிளாஸ், குரூப் தேர்வு, எதுக்கு வேணா போட்டுப் பாருங்க.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். இதை ஒரு தடவை படிங்க, நிதானமாவே படிங்க.

"உள்ள போனதும் முதல் ஆளு சத்தமா வாசிப்பாரு, சுத்தி உக்காந்திருக்கவங்க அவங்கவங்க தாளைப் பாப்பாங்க. யாரும் ஆட்சேபணை சொல்லலைன்னா ரெண்டாவது ஆளுகிட்ட போகணும், அவரு இடது பக்கம் ஒரு அடையாளம் வச்சுட்டு சீட்டு குடுப்பாரு. மூணாவது ஆளு அதை வாங்கிட்டு ஒண்ணை அழுத்துனாத்தான் நீங்க அடுத்ததைச் செய்ய முடியும். மறைவுக்குப் பின்னாடி நீங்களும் ஒரே ஒரு தடவைதான் அழுத்தணும். ஏழு செகண்டுக்குள்ள பாத்துக்கணும், அப்புறம் அது விழுந்துடும். நீளமா சத்தம் வந்தா வேலை முடிஞ்சுது."

இதுல தெரியாத வார்த்தை ஒண்ணாவது இருக்கா? கிடையாது. ஆனாலும் பாதிப் பேருக்கு மங்கலாத்தான் இருந்திருக்கும். இப்ப தலைப்பைச் சொல்றேன்: "வாக்குச்சாவடியில ஓட்டு போடுறது எப்படி". மறுபடி மேல போய் படிச்சுட்டு வாங்க. பேர் வாசிக்கிறது, பூத் ஏஜென்ட்டுங்க பட்டியலைப் பாக்கிறது, விரல்ல மை, விவிபேட் சீட்டு கண்ணாடிக்குள்ள தெரியுறது, எல்லாம் அதது இடத்துல போய் உக்காந்திருக்கும். அந்த எழுத்துல ஒரு புள்ளி கூட மாறலை. மாறுனது உங்க மண்டைக்குள்ள ஏற்கெனவே கிடந்த பூத் அனுபவத்தை எடுத்து அது மேல போட்டீங்களே, அதுதான்.

1972ல பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க அமெரிக்காவுல இதே மாதிரி ஒரு சோதனை பண்ணாங்க, அவங்க எடுத்துக்கிட்டது துணி துவைக்கிறது. தலைப்பை முன்னாடியே சொன்ன ஆளுங்களுக்கு நல்லா புரிஞ்சுது, ஞாபகத்துலயும் நிறைய நின்னுச்சு. தலைப்பே சொல்லாதவங்களுக்கு ரெண்டுமே மோசம். இதுல பலரும் கவனிக்காத விஷயம் என்னன்னா, எல்லாம் முடிஞ்சப்புறம் தலைப்பைச் சொன்ன குரூப்புக்கும் அதால பெரிசா பிரயோஜனம் இல்லை. எதைப் பத்தின்னு முன்னாடியே தெரிஞ்சாத்தான் வர்ற வாக்கியத்தை எல்லாம் எங்க மாட்டுறதுன்னு மூளைக்குத் தெரியும். கிளாஸுக்கு பத்து நிமிஷம் லேட்டா போய் உக்காந்தா மீதி ஐம்பது நிமிஷமும் ஏன் கண்ணைக் கட்டுதுன்னு இப்ப விளங்குதா?

வால்டர் கின்ச்னு ஒரு உளவியல் ஆய்வாளர் இதைப் பத்தி ரொம்ப வருஷம் வேலை பாத்திருக்காரு. அவரு சொல்றதை நம்ம பாஷையில சொல்லணும்னா, படிக்கும்போது மூணு அடுக்கா வேலை நடக்குது. மேலாப்புல வார்த்தைங்க, அதுக்குக் கீழ அந்த வார்த்தைங்க சொல்ற கருத்து, அதுக்கும் கீழ அந்தக் கருத்தையும் நமக்குத் தெரிஞ்சதையும் சேத்து நாமளே மனசுக்குள்ள கட்டுற ஒரு நிலைமை, "அங்க இப்படி நடக்குது"ங்கிற படம். மேலாப்பு சீக்கிரமே கரைஞ்சு போயிடும், பேச்சைக் கேட்டு அரை நிமிஷம் ஆகிறதுக்குள்ள சரியா எந்த வார்த்தையில சொன்னாங்கங்கிறது போயிடுது, அர்த்தம் மட்டும் தங்குதுன்னு 1967லயே பாத்துட்டாங்க. நாள் கணக்கா நிக்கிறது மூணாவது அடுக்கு. மனப்பாடம் பண்றவங்க கரையுற அடுக்கைப் பிடிச்சுக்கிட்டு தொங்குறாங்க, அதான் அந்தப் பாடு.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: தொடங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்

பாடத்தைத் திறந்ததும் முதல் வரியில ஆரம்பிக்காதீங்க. தலைப்பு, உள்தலைப்பு, படம், கடைசியில இருக்கிற கேள்விங்க, இதை மட்டும் ஒரு ஓட்டு ஓட்டுங்க. அப்புறம் ஒரு தாள்ல "இதைப் பத்தி எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்"னு கிறுக்கலா நாலு வரி எழுதுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்லை, யாரும் பாக்கப் போறதில்லை.

ஒண்ணுமே எழுத வரலைன்னா அதுவும் ஒரு தகவல்தான். நீங்க கையில எடுத்திருக்கிற புக் உங்களுக்கு இப்போதைக்கு ரெண்டு படி மேல இருக்குன்னு அர்த்தம், ஒரு படி கீழ இறங்குங்க. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவங்களை சீனியருங்க எல்லாம் ஆறாங்கிளாஸ் புக்குல இருந்து ஆரம்பிடான்னு விரட்டுறாங்களே, கேள்வி அதுல இருந்து வருதுங்கிறது ஒரு காரணம்தான், அடித்தளம் போடுறதுங்கிறது அதைவிடப் பெரிய காரணம். 1988ல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேரு பேஸ்பால் ஆட்டத்தைப் பத்தின ஒரு பத்தியைக் குடுத்து பள்ளிக்கூடப் பிள்ளைங்களைச் சோதிச்சாங்க. வாசிப்புல சுமாருன்னு பேர் வாங்குன, ஆனா பேஸ்பால் நல்லா தெரிஞ்ச பிள்ளைங்க, வாசிப்புல கெட்டியான ஆனா பேஸ்பால் தெரியாத பிள்ளைங்களைவிட நல்லாப் பண்ணாங்க. அதனால "எனக்கு காம்ப்ரிஹென்ஷனே வராது"ன்னு பொத்தாம் பொதுவா சொல்லாதீங்க, எந்த விஷயத்துல வராதுன்னு கேட்டுக்கோங்க. கிரிக்கெட் கட்டுரையை நீங்களே பிரிச்சு மேய்வீங்க.

இங்கிலீஷ் புக்குன்னா கூடுதலா ஒரு கணக்கு இருக்கு. ஹூ, நேஷன் ரெண்டு பேரும் 2000ல பண்ண ஆய்வுல, ஒரு கதையில இருக்கிற வார்த்தைங்கள்ல 98 சதவீதம் தெரிஞ்சிருந்தாத்தான் யாரோட உதவியும் இல்லாம பெரும்பாலானவங்களால வசதியா புரிஞ்சுக்க முடியும்னு வந்துச்சு, 80 சதவீதம் தெரிஞ்சவங்கள்ல ஒருத்தருக்கும் சரியா புரியலை. பக்கத்துக்கு 300 வார்த்தைன்னு வச்சா தெரியாதது ஆறு வரைக்கும்தான் தாங்கும். பக்கத்துக்கு இருபது வார்த்தைக்கு அகராதியைத் திறக்கிறீங்கன்னா அந்த விஷயத்தை முதல்ல தமிழ்ல படிச்சுட்டு வாங்க, அப்புறம் அதே பக்கம் எவ்வளவு லேசாகுதுன்னு பாருங்க. இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் கிடையாது.

படி 2: நீளமான வாக்கியத்தைக் கடைசியில இருந்து பிடிங்க

நாம பேசுற தமிழ் ஒண்ணு, புக்குல இருக்கிற தமிழ் ஒண்ணு. வீட்ல யாரும் "விண்ணப்பிக்கப்பெற்ற"ன்னு பேசுறதில்லை. போதாததுக்கு தமிழ்ல வினை கடைசியில வரும், அதுக்கு முன்னாடி அடைமொழியா அடுக்கிக்கிட்டே போலாம், கடைசி வார்த்தை வர்ற வரைக்கும் எல்லாத்தையும் மனசுல தாங்கிக்கிட்டே போகணும். மனசு ஒரே நேரத்துல நாலு விஷயத்தைத் தாங்குறதே பெரிய பாடு. அரசாணை பாணியில நானே ஒண்ணு எழுதுறேன்:

"கடந்த நிதியாண்டில் பயிர்க்கடன் பெற்று, இயற்கைச் சீற்றத்தால் பாதிக்கப்பட்டு, உரிய காலத்திற்குள் திருப்பிச் செலுத்த இயலாத, கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களாக உள்ள சிறு விவசாயிகளுக்கு, சங்கத்தின் பரிந்துரையின் பேரில், கடன் தவணைக் காலம் நீட்டிக்கப்படலாம்."

முதல்ல கடைசிக்குப் போங்க: நீட்டிக்கப்படலாம். எது? தவணைக் காலம். யாருக்கு? சிறு விவசாயிங்களுக்கு. எந்த விவசாயிங்களுக்கு? இப்ப பின்னாடி வாங்க: சங்கத்துல மெம்பரா இருக்கணும், கடன் வாங்கியிருக்கணும், இயற்கைச் சீற்றத்துல அடிபட்டிருக்கணும், கட்ட முடியாம போயிருக்கணும். எப்ப? சங்கம் பரிந்துரை பண்ணா. அப்புறம் வீட்ல அப்பாகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க: "கடனைக் கட்ட கூடுதல் டைம் குடுக்க வாய்ப்பிருக்குப்பா, ஆனா சங்கம் சொல்லணும்." அந்த "லாம்"ல தான் தேர்வுல கேள்வி வரும், கொடுத்தே ஆகணும்னு எங்கயும் சொல்லலை பாருங்க. ஓட்டமா படிச்சவங்க "தவணை நீட்டிப்பு உண்டு"ன்னு எடுத்துக்கிட்டு மாட்டிப்பாங்க.

புக்கு தமிழைப் பேச்சுத் தமிழா மாத்திச் சொல்றதுதான் என் கணக்குல ரொம்ப நம்பகமான சோதனை, ஏன்னா புரியாததைப் பேச்சுல சொல்லவே வராது, நாக்கு தானா புக்கு வார்த்தையைத் தேடிப் போகும். அங்க நிறுத்துங்க, அந்த இடம்தான் ஓட்டை.

படி 3: "ஏன்"னு கேட்டு இடைவெளியை நிரப்புங்க

எந்த எழுத்தாளரும் எல்லாத்தையும் எழுத மாட்டாரு, வாசிக்கிறவனுக்குத் தெரியும்னு பாதியை விட்டுடுவாரு. அந்த விட்ட பாதியை நீங்கதான் போட்டுக்கணும். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் குடுக்கணும்னு நான் சொல்வேன்.

புவியியல் புக்குல இப்படி ஒரு வரி வரும்: "மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால் தமிழ்நாடு தென்மேற்குப் பருவக்காற்றால் குறைந்த மழையையே பெறுகிறது." அடிக்கோடு போட்டுட்டு அடுத்த வரிக்குப் போறதுதான் வழக்கம். போகாதீங்க. மலை இருந்தா ஏன் மழை மறையணும்? அரபிக்கடல்ல இருந்து ஈரத்தோட வர்ற காத்து மலையில முட்டி மேல ஏறுது. மேல போகப் போக அழுத்தம் கம்மி, அதனால காத்து விரியுது, விரிஞ்சா குளிருது, குளிர்ந்தா அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது, மழையாக் கொட்டிடுது, அந்த மழை கேரளா பக்கத்துக்கு. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காத்து அமுங்கிச் சூடாகுது, மிச்ச ஈரமும் மழையாகாது. ஆச்சா? இது எதுவும் அந்த வரியில இல்லை, ஆனா இது இல்லாம அந்த வரிக்கு அர்த்தமே இல்லை.

இப்ப உங்க ஊருக்குக் கொண்டு வாங்க. ஜூலையில வால்பாறையில அடிச்சு ஊத்துது, கீழ உடுமலைப்பேட்டை பக்கம் வந்தா காத்துதான் பேயா அடிக்குது, மழை அந்த அளவுக்கு இல்லை. அந்தக் காத்து எங்க இருந்து வருது? பாலக்காட்டுக் கணவாய் வழியா. அங்க ஏன் அவ்வளவு காத்தாடி நட்டு வச்சிருக்காங்கன்னு இதுலயே பதில் இருக்கு.

அடுத்து புக்குல இல்லாத ஒரு கேள்வி போடுங்க: நீலகிரி ஒரே மாவட்டம்தானே, கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவத்துல நனையுது, கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவத்துல நனையுது, ஏன்? மேல சொன்ன காரணம் நிஜமா உள்ள போயிருந்தா இதுக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க: காத்து எந்தத் திசையில இருந்து வருதோ அந்தப் பக்கச் சரிவுல மழை. சொல்ல வரலைன்னா அடிக்கோடுதான் மிச்சம், திரும்பிப் போங்க.

இப்படி வரிக்கு வரி தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கிற பிள்ளைங்க அதிகமா கத்துக்கிறாங்கன்னு மிஷலின் சீயும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் 1989லயும் 1994லயும் எழுதியிருக்காங்க. நேரம் அதிகம் பிடிக்கும், அது உண்மைதான். ஒரு நாளைக்கு முப்பது பக்கம்னு டார்கெட் வச்சிருக்கவங்களுக்கு இது பிடிக்காது, அந்த டார்கெட்டை நான் நம்புறதும் இல்லை.

படி 4: கேட்டு கத்துக்கும்போது

காதுக்கு ஒரு சிக்கல், அது திரும்பிப் பாக்க முடியாது. படிக்கும்போது கண்ணு நமக்கே தெரியாம பின்னாடி போயிட்டு வரும், கேக்கும்போது போனது போனதுதான். அதோட பேச்சுல வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல நிஜமா இடைவெளி கிடையாது, தெரியாத பாஷையில ஒருத்தர் பேசுறதைக் கேட்டா கடகடன்னு ஒரே இழுப்பா இருக்கும், தெரிஞ்ச பாஷையில நாமதான் வெட்டிக்கிறோம். 1970ல ரிச்சர்ட் வாரன்னு ஒருத்தர் பதிவு பண்ண வாக்கியத்துல ஒரு எழுத்தோட ஒலியை வெட்டி எடுத்துட்டு அங்க ஒரு இருமலை வச்சாரு. கேட்டவங்களுக்கு அந்த எழுத்து காணோம்னே தெரியலை, இல்லாத ஒலி அவங்களுக்குக் கேட்டுச்சு! காது பாதி, எதிர்பார்ப்பு பாதின்னு புரிஞ்சுக்கோங்க. விஷயம் தெரிஞ்ச கிளாஸ்ல வாத்தியார் முணுமுணுத்தாலும் புரியுறதும், தெரியாத கிளாஸ்ல மைக்குல கத்துனாலும் புரியாததும் அதனாலதான்.

அதனால என்ன பண்ணணும்? கிளாஸுக்கு முன்னாடி படி 1ஐ முடிச்சுட்டுப் போங்க, காதுக்கு அது கண்ணைவிட ரெண்டு மடங்கு அவசியம். கேக்கும்போது "அடுத்து இவரு என்ன சொல்லப் போறாரு"ன்னு உள்ளுக்குள்ள ஊகிச்சுக்கிட்டே இருங்க, தப்பானா ரொம்ப நல்லது, அந்த இடத்துல கவனம் தானா நிமிரும். "ஆனா", "அதனாலதான்", "இதுக்கு மூணு காரணம்" மாதிரி வார்த்தை வந்தா காதைத் தீட்டிக்கோங்க, முழுப் பேச்சோட எலும்பும் அங்கதான் இருக்கும்.

நோட்ஸ் பத்தி: வாத்தியார் சொல்றதை அப்படியே வரி மாறாம எழுதுறவங்க காதுல இருந்து கைக்கு நேரா பைப் போட்டிருக்காங்க, நடுவுல மண்டை கிடையாது. 2014ல முல்லர், ஓப்பன்ஹைமர் பண்ண ஆய்வுல லேப்டாப்புல அடிச்சவங்க அதிக வார்த்தை எழுதுனாங்க, கையால எழுதுனவங்க கருத்துக் கேள்விக்கு நல்லா பதில் சொன்னாங்க. அதுக்கப்புறம் வேற ஆளுங்க திரும்பச் செஞ்சப்போ அவ்வளவு தெளிவா வரலை, அதனால பேனாவா கீபோர்டான்னு சண்டை போட வேணாம். வாத்தியார் ஒரு விஷயத்தை முடிக்கிற வரைக்கும் பேனாவைக் கீழ வச்சுட்டு, முடிச்சதும் உங்க வார்த்தையில ஒரே வரி எழுதுங்க. மிச்சத்துக்கு புக் இருக்கு.

யூடியூப் வீடியோன்னா பாஸ் பட்டன்தான் உங்க ஆயுதம். அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒருக்கா நிறுத்தி, இப்ப என்ன சொன்னாருன்னு வாய் விட்டுச் சொல்லிட்டு ஓட்டுங்க. ஸ்பீடு ஏத்துறதைப் பத்தி பலரும் பயப்படுறாங்க, 2021ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் லாஸ் ஏஞ்சல்ஸ்ல பண்ண ஆய்வுல ரெண்டு மடங்கு வேகம் வரைக்கும் பெரிய சேதாரம் இல்லை, அதுக்கு மேல போனாத்தான் அடி. ஆனா அது அவங்களுக்குப் பழகுன மொழியில கேட்ட லெக்சர், பழகாத இங்கிலீஷ்ல புது சப்ஜெக்ட்டை ரெண்டு மடங்குல ஓட்டாதீங்க. அதே மொழியில சப்டைட்டில் இருந்தா போட்டுக்கோங்க. 1996ல ஐஐஎம் அகமதாபாத்ல பிரிஜ் கோத்தாரி, டிவியில வர்ற சினிமாப் பாட்டுக்குக் கீழ அதே மொழியில வரியை ஓட விட்டா ஜனங்க வாசிக்கப் பழகிடுவாங்கன்னு ஒரு முயற்சி ஆரம்பிச்சாரு, காதும் கண்ணும் ஒரே வார்த்தையைப் பிடிக்கிறதுதான் அதோட சூட்சுமம். இங்கிலீஷ் கேக்கப் பழகுறவங்களுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில்தான் உதவும், தமிழ் சப்டைட்டில் போட்டா காது லீவு எடுத்துக்கும்.

படி 5: மூடி வச்சுட்டு சொல்லுங்க

இதை யாரும் செய்ய மாட்டேங்குறாங்க, ஏன்னா இது சுகமா இல்லை. திரும்பத் திரும்பப் படிக்கிறது சுகம், ஒவ்வொரு தடவையும் இன்னும் தெரிஞ்ச மாதிரி இருக்கும். ரோடிகர், கார்பிக்கி ரெண்டு பேரும் 2006ல மாணவருங்களுக்கு ஒரு பத்தி குடுத்து ஒரு குரூப்பைத் திரும்பப் படிக்கச் சொன்னாங்க, இன்னொரு குரூப்பைப் பத்தியைப் பாக்காம ஞாபகம் இருக்கிறதை எழுதச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்சவங்க முன்னாடி, 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா தலைகீழ்: எழுதுனவங்க 56, படிச்சவங்க 42. தேர்வு அஞ்சு நிமிஷத்துலயா வைக்கிறாங்க?

செய்முறை எளிசு. ஒரு தலைப்பு முடிஞ்சதும் மூடுங்க, வெள்ளைத் தாள்ல வர்றதை எல்லாம் எழுதுங்க, வரலைன்னா உடனே திறக்காம ஒரு ரெண்டு நிமிஷம் முக்கிப் பாருங்க. அப்புறம் திறந்து விட்டதை மட்டும் வேற கலர் பேனாவுல எழுதுங்க. மறுநாள் அந்தக் கலர் இருக்கிற இடத்தை மட்டும் படிச்சாப் போதும்.

படி 6: இடைவெளி விடுங்க

1885ல எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியல் ஆய்வாளர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி தன்னையே சோதிச்சுக்கிட்டாரு, ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல போயிடுச்சு. அர்த்தத்தோட படிச்சா அவ்வளவு வேகமா போகாது, ஆனா போகும். ஒரே நாள் மூணு தடவை பாக்கிறதை மறுநாள், ஒரு வாரம், ஒரு மாசம்னு பிரிச்சுப் போடுங்க. கொஞ்சம் மறந்தப்புறம் கஷ்டப்பட்டு எடுக்கிறதுதான் உரம்.

போன்ல படிக்கிறதா தாள்ல படிக்கிறதான்னு கேப்பீங்க. 2018ல 54 ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல தாள் கொஞ்சம் முந்துச்சு, முக்கியமா தகவல் பாடத்துக்கும் நேர நெருக்கடியில படிக்கும்போதும். காசு இல்லைன்னா பிடிஎஃப்லயே படிங்க, மெதுவா படிங்க, அவ்வளவுதான்.

படி 7: இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுங்க

இது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு கிடையாது. நன்னூல்ல பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுலயே கணக்குப் போட்டு வச்சிருக்காரு. ஆசிரியர் சொன்னதை நல்லாவே வாங்கிக்கிட்டாலும் "காற்கூறு அல்லது பற்றலன்", கால் பங்குதான் கைக்கு வரும், கூடப் படிக்கிறவங்களோட சேர்ந்து பழகுனா இன்னொரு கால், மத்தவங்களுக்கு எடுத்துச் சொன்னாத்தான் மிச்சம் ரெண்டு காலும். பாடம் கேக்கிற முறையைச் சொல்ற சூத்திரத்துல கேட்டதை நினைச்சுப் பாக்கிறது, கேள்வி கேக்கிறது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றது எல்லாம் வரிசையா இருக்கு. ஓலைச்சுவடி காலத்துல புக்கைத் திரும்பத் திறக்கிற வசதி எல்லாருக்கும் இல்லை, அதனால கேட்டதைத் தங்க வைக்கிற கலை அவங்களுக்கு நம்மளைவிட நல்லாத் தெரிஞ்சிருந்துச்சுன்னு எனக்குத் தோணும்.

குரூப்பாப் படிக்கிறதுக்கு 1984ல பாலின்சார், பிரவுன்னு ரெண்டு பேரு சொன்ன முறையை அப்படியே எடுத்துக்கலாம். ஒரு பத்தி படிச்சதும் ஒருத்தர் சுருக்கிச் சொல்லணும், ஒருத்தர் கேள்வி கேக்கணும், ஒருத்தர் புரியாத இடத்தைத் தெளிவு பண்ணணும், ஒருத்தர் அடுத்து என்ன வரும்னு ஊகிக்கணும், அடுத்த பத்திக்கு வேலையை மாத்திக்கணும். நாலு பேருக்கு மேல சேத்தீங்கன்னா அஞ்சாவது ஆளு டீ வாங்கப் போறவரா ஆயிடுவாரு. எப்பவுமே கேள்வி கேக்கிற ஆளு கிடைச்சா விடாதீங்க, எரிச்சலா இருந்தாலும் அவராலதான் மத்த மூணு பேரும் தேறுவீங்க.

கூடப் படிக்க ஆளே இல்லை, கிராமத்துல தனியா படிக்கிறேன்னா போன்ல ரெக்கார்டு போட்டுட்டு வீட்ல பேசுற தமிழ்ல விளக்குங்க. மறுநாள் பஸ்ல போகும்போது அதைக் கேளுங்க, "அது வந்து... அந்த இது..."ன்னு நீங்க இழுக்கிற இடத்தை எல்லாம் குறிச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போனதும் புக்கை அந்தப் பக்கத்துல திறங்க.